கோழிக் குச்சி

என் வலது கைச் சுட்டுவிரலின் நுனியில் பிறைச் சந்திரனைப் போல ஒரு சிறு தழும்பு இருக்கிறது. எழுதும்போது அது சரியாகப் பேனாவின் கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கையெழுத்து வாங்க வரும் அன்பர்களில் யாராவது ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எழுதி எழுதி வந்ததா, சார்?" என்று அனுதாபத்தோடு கேட்பதுண்டு. நானும் வெகு காலம் வரையில் அதை மறுக்காமல் சிரித்து மழுப்பிவந்தேன். இலக்கியத்துக்காக இரத்தம் சிந்தியவன் என்ற பெயர் சும்மா கிடைக்கும்போது யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும்?

உண்மை வேறு. அது ஒரு பொம்மை விமானத்தின் எஞ்சின் போட்ட தழும்பு. எஞ்சின் போட்டது என்பதுகூட முழு உண்மை ஆகாது, நானே போட்டுக்கொண்டது. அந்தக் கதையைச் சொல்லி, அன்றிலிருந்து என்னை விடாமல் தொந்தரவு செய்துவரும் ஒரு கேள்வியையும் உங்கள் முன்னால் வைக்க உத்தேசம். மனத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், வெறும் அஜாக்கிரதையால் ஒருவன் தீங்கு செய்துவிட்டால், அவன் குற்றவாளியா, இல்லையா?

என் தங்கையின் மகன் கல்லூரியில் படித்த நாளில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்திருந்தான். அங்கே மாதிரி விமானம் கட்டுவதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டுத் திண்ணை முழுவதும் பால்சா மரத் துண்டுகளும் பசையும் மெல்லிய காகிதமுமாய்ப் பரவிக் கிடக்கும். ஒருநாள், சேர்த்து வைத்த பணத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எஞ்சின் வாங்கி வந்தான். அதைப் "பெட்ரோல் எஞ்சின்" என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். "இதிலே ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் கிடையாது, மாமா" என்று அவன் ஒவ்வொரு தடவையும் திருத்துவான்.

அவன் சொன்ன சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1901-ல், லாங்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி பெட்ரோல் எஞ்சின் பூட்டிய, ஆளில்லாத சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டிருந்தார். பிறகு பிலடெல்பியாவில் வில்லியம் பிரவுன் என்ற இளைஞர் பொம்மை விமானத்துக்கென்றே சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் செய்தார். 1933-ல் அமெரிக்க தேசியப் போட்டியில் மாக்ஸ்வெல் பாஸெட் என்பவர் அந்த எஞ்சினைப் பூட்டிய விமானத்தைக் கொண்டுவந்து, ரப்பர் முறுக்கில் பறந்த விமானங்களை எல்லாம் வெகுதூரம் பின்னே தள்ளிவிட்டார். அந்தக் காலத்து எஞ்சின்களுக்குப் பாட்டரி, காயில், தீப்பொறி பிளக் எல்லாம் வேண்டும். 1947-ல் ரே ஆர்டன் என்பவர் ஒரு புது பிளக்கைக் கொண்டுவந்தார். அதில் பொறி கிடையாது. பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. கிளப்பும்போது மட்டும் பாட்டரியால் அதைச் சூடாக்கினால் போதும். அப்புறம் எஞ்சின் ஓடுகிற வரையில் அது தானே கனன்றுகொண்டிருக்கும். இதற்கு எரிபொருள் மெதனால். கூடச் சேர்ப்பது என்ன தெரியுமா? நம் பாட்டிமார் குழந்தைகளின் வாயில் பலவந்தமாக ஊற்றுவார்களே, அதே விளக்கெண்ணெய்! மந்தமான பிள்ளையை "விளக்கெண்ணெய்" என்று நாம் வைகிறோம். அந்த எண்ணெய்தான் அவ்வளவு சூட்டிலும் எஞ்சின் தேய்ந்து போகாமல் காப்பாற்றுகிறது. இன்றைக்குப் பெரிய மாதிரி விமானங்களில் பெட்ரோலும் தீப்பொறியும் புது உருவில் திரும்ப வந்திருக்கின்றன என்று அறிகிறேன். எது எப்படியிருந்தாலும், முன்னால் சுழல்கிற விசிறி ஒன்றுதான்.

அந்த விசிறியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பத்து அங்குல நீளம், மரத்தால் ஆனது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அது நிமிஷத்துக்கு 12,000 சுற்று, அதாவது விநாடிக்கு 200 சுற்று சுழலும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 160 மீட்டர், மணிக்கு 570 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. நாம் ஏறிப் போகிற எந்த ரயிலும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. ஆனால் ரயில் வந்தால் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்வோம். இந்த விசிறியோ வேகம் பிடித்ததும் கண்ணை விட்டு மறைந்துவிடும்! அங்கே ஒன்றுமே இல்லாதது போல், எதிரேயுள்ள புல்லும் வானமும் தெளிவாகத் தெரியும். அதனால்தான் என் மருமகன் விசிறியின் இரண்டு நுனிகளுக்கும் மஞ்சள் வர்ணம் பூசியிருந்தான். சுழலும்போது மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று தெரியும். 'எமனுக்கு எல்லைக்கோடு' என்று அதற்கு நான் பெயர் வைத்தேன்.

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் அவன் செய்கிற சடங்குகள் ஒரு சிறு யாகத்துக்குச் சமம். விசிறியில் கீறல், வெட்டு உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பான். சின்னப் பழுது இருந்தாலும் ஒட்டவைக்க மாட்டான், முறித்து எறிந்துவிடுவான். திருகு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பான். எரிபொருள் புட்டியை மூடித் தூரத்தில் வைப்பான். மெதனால் பகலில் எரிந்தால் சுவாலை கண்ணுக்கே தெரியாதாம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வான். என் தோளில் துண்டு கிடந்தால், "அதை எடுத்து வச்சுடுங்க, மாமா" என்பான். வேடிக்கை பார்க்கிறவர்களை விசிறிக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் நிற்கவிடமாட்டான். பின்னால் போகச் சொல்வான். ஒருவர் விமானத்தைப் பின்புறமிருந்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துதான் பாட்டரிக் கவ்வியைக் கழற்ற வேண்டும். ஊசியைத் திருகி எரிபொருளைச் சரிசெய்வதும் பின்னாலிருந்துதான். பாட்டரியைக் கழற்றிவிட்டோமே என்று, ஓடிச் சூடேறிய எஞ்சினின் விசிறியை அலட்சியமாகக் கையால் சுற்றக்கூடாது. அந்தச் சூடே போதும், ஓட ஆரம்பித்துவிடும். "எஞ்சின் தூங்குதுன்னு மட்டும் ஒருநாளும் நம்பாதீங்க, மாமா" என்பான்.

எல்லாவற்றிலும் எனக்கு வேடிக்கையாகப் பட்டது அவன் கையிலிருந்த ஒரு குச்சி. முக்கால் அடி நீளம். மேலே ரப்பர் குழாய் மாட்டியிருந்தது. விரலால் விசிறியைச் சுண்டாமல் அந்தக் குச்சியால் தட்டித்தான் எஞ்சினைக் கிளப்புவான். அதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'கோழிக் குச்சி'. அவர்கள் பேச்சில் கோழி என்றால் பயந்தாங்கொள்ளி. விரலால் சுண்டத் தைரியம் இல்லாதவனின் குச்சி என்று கேலியாக வைத்த பெயர்.

கேலி செய்ய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஏண்டா, விமானப் படையிலே சேரப்போகிற வீரன், ஒரு பொம்மையைத் தொடக் குச்சியா?" என்று அவனைச் சீண்டிக்கொண்டே இருந்தேன். அவன் பதில் சொல்ல மாட்டான். மாமா அல்லவா!

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு வெளியில் நாங்கள் இருந்தோம். காலையிலிருந்து எஞ்சின் முரண்டு பிடித்தது. மாடு மேய்க்கும் சிறுவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் சிவப்பு டவுசர் போட்ட ஒரு பொடியன் அடிக்கடி பக்கவாட்டில் வந்து குந்திக்கொள்வான். மூன்று தடவை என் மருமகன் எழுந்து போய் அவனைத் தோளைப் பிடித்துப் பின்னால் கொண்டு நிறுத்தினான். பிறகு விசிறியைத் தடவிப் பார்த்தவன் முகம் சுளித்தான். "ஒரு வெட்டு விழுந்திருக்கு, மாமா. வேற விசிறி வீட்டிலே இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றான். நான் பார்த்தேன். நகக்கீறல் அளவுதான் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதற்காகத் திரும்புவதா? ஒரே ஒரு தடவை" என்றேன். அதோடு நின்றேனா? சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருந்த உற்சாகத்தில், "நீ பின்னாலே பிடித்துக்கொள், நான் கிளப்பிக் காட்டுகிறேன்" என்று குச்சியை ஒதுக்கிவிட்டு விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை.

விரலால் சுண்டினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. அந்த முயற்சியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் கிளம்பாத வரையில் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். பதினோராவது தடவை அது 'வீல்' என்று அலறிக்கொண்டு பிடித்தது! சிறுவர்கள் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். விளக்கெண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. எனக்கும் குழந்தையைப் போல் சந்தோஷம் பொங்கிற்று. அந்தச் சந்தோஷத்தில், பாட்டரிக் கவ்வியைக் கழற்ற வேண்டும் என்ற ஒரு நினைவைத் தவிர வேறு எதுவும் என் மனத்தில் இல்லை. பின்னால் சுற்றிப் போகவில்லை. முன்னாலிருந்தே கையை நீட்டினேன்.

வலி உடனே தெரியவில்லை. ஏதோ சுள்ளென்று தட்டியது போல் இருந்தது. வெட்டு விழுந்திருந்த இடத்தில் விசிறி பிளந்து, ஒரு துண்டு பறந்தது. எஞ்சின் வெறி பிடித்ததுபோல் குலுங்கியது. மருமகன் பிடியை விடாமல், பின்னாலிருந்தே எரிபொருள் குழாயை நசுக்கி அதை நிறுத்தினான். பிறகுதான் என் கையைப் பார்த்தேன். வேட்டியெல்லாம் இரத்தம். விரலில் நாலு தையல் போட வேண்டியிருந்தது.

பறந்துபோன துண்டை அவன் தேடி எடுத்து வந்தான். பக்கவாட்டில் இருபது அடி தூரத்தில், சிவப்பு டவுசர்ப் பையன் குந்தியிருந்தானே, அந்தத் திசையில் தரையில் செருகிக்கொண்டு நின்றதாம். பையன் நான்காவது தடவை அங்கே வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். அவன் கண்ணைக் காப்பாற்றியது மூன்று தடவை எழுந்து போன என் மருமகனின் பொறுமை. அதைப் பறிக்கவிருந்தது, "ஒரே ஒரு தடவை" என்ற என் வார்த்தை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் தங்கை கட்டைப் பார்த்துவிட்டுப் பதறினாள். "இது யார் செஞ்ச வேலை?" என்று மகனைக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான், அம்மா. மாமாவுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுட்டேன்" என்றான்.

நான் பேசாமல் இருந்தேன்.

வலி என்ற சாக்கு இருந்தது. பெரியவன் என்ற கௌரவமும் இருந்தது. தங்கை எஞ்சினை எடுத்து ஒரு துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். இனி அந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று உத்தரவாயிற்று. பையன் மறு பேச்சுப் பேசாமல் போய்ப் படுத்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரல் துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது விரல் அல்ல.

மறுநாள் காலை தங்கையிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "விரலுக்கு நாலு தையல் போட்டாங்க, அண்ணா. நேத்து ராத்திரி அவன் சாப்பிடாமல் படுத்தானே, அதுக்கு எத்தனை தையல் போடறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். "எனக்குக் கெட்ட எண்ணம் இல்லையே" என்று நாம் சொல்கிறோம். எண்ணம் சுத்தமாக இருந்தால் செய்கையும் சுத்தம் என்று நினைக்கிறோம். ஆனால் எஞ்சின் நம் எண்ணத்தைக் கேட்பதில்லை. வந்திருப்பவர் மாமாவா மருமகனா, நாவலாசிரியரா மாடு மேய்ப்பவரா என்று விசாரிப்பதில்லை. வளையத்துக்குள் கை வந்ததா, இல்லையா, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். சட்டம்கூட, நோக்கம் இல்லை என்பதற்காக அஜாக்கிரதையை முழுவதும் மன்னித்துவிடுவதில்லை.

திருவள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்: பொச்சாவாமை, அதாவது மறதிக்கு இடம் கொடாமை. அது அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசனுக்கு உரிய குணங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வெகு காலம் எனக்கு அதன் காரணம் விளங்கவில்லை. இப்போது ஒருவாறு விளங்குகிறது. கையில் சக்தி இல்லாதவன் மறந்தால் நஷ்டம் அவனோடு போகும். கையில் சக்தி உள்ளவன் மறந்தால் நஷ்டம் பக்கத்தில் குந்தியிருப்பவனுக்கு. ஓர் எஞ்சினைக் கிளப்புகிறவன் அந்தச் சில நிமிஷங்களுக்கு அரசன்தான். அதைவிட ஆச்சரியம், அந்த அதிகாரத்தை அவர் தொடங்குகிற விதம். எல்லை கடந்த கோபத்தைவிட, மகிழ்ச்சி மிகுதியால் வருகிற மறதி கொடியது என்கிறார். கோபக்காரனைக் கண்டால் மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். சந்தோஷமாக இருப்பவனைக் கண்டு யார் விலகுவார்கள்? பத்துத் தடவை தோற்றபோது வெட்டுப்படாத என் விரல், ஜெயித்த அரைக்கணத்தில்தானே வெட்டுப்பட்டது!

ஆகவே, நான் குற்றவாளியா? கை நீட்டிய அரைக்கணத்தை மட்டும் பார்த்தால், பாவம், அது ஒரு தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அரைக்கணம் தனியாக வரவில்லை. அதற்கு முன் நகக்கீறலை அற்பம் என்று தள்ளிய ஒரு நிமிஷம் இருந்தது. குச்சியைக் கேலி செய்த பல வாரங்கள் இருந்தன. தன்னைவிடத் தெரிந்தவன் சின்னவன் என்பதால் அவன் வாயை அடைத்துவைத்த பல வருஷங்கள் இருந்தன. இவை ஒன்றும் தெரியாமல் நடந்தவை அல்ல. அஜாக்கிரதை என்பது திடீரென்று வருகிற விபத்து அல்ல. நாம் தெரிந்தே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பது. எண்ணத்தில் குற்றம் இல்லை என்றேனே, அது பொய். பையனின் கண்ணைப் போக்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை. அவனைப் பற்றி எண்ணவே இல்லை. குற்றம் அதுதான்.

இதைக் கேட்ட ஒரு நண்பர், "ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு தத்துவமா?" என்றார். மேசை விசிறிக்குக் கூண்டு உண்டு. ஆலை யந்திரத்துக்கு மூடியும் வேலியும் உண்டு. பறக்க வேண்டிய இந்த விசிறி திறந்த காற்றிலே சுழல்கிறது. வேலி, கிளப்புகிறவனின் மனத்துக்குள்தான் இருக்க வேண்டும். அதனால்தான் பரண்மேல் கிடந்த எஞ்சினை இறக்கித் தரும்படி தங்கையிடம் நானே வாதாடினேன். பூட்டிவைத்த எஞ்சின் யாரையும் வெட்டாது. யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவும் கொடுக்காது. என் மருமகனிடம் இருந்தது பயம் அல்ல. தன் கையிலிருப்பது இன்னதென்று அறிந்த மரியாதை. பயந்தாங்கொள்ளி அவன் அல்ல. சிறுவர்களின் கைதட்டலுக்கும் தங்கையின் கேள்விக்கும் பயந்தவன் நான்.

ஆறு வாரம் கழித்து எஞ்சின் இறங்கியது. முதல் தடவை என்னையே கிளப்பச் சொன்னான் அவன். கையில் குச்சியைக் கொடுத்து, "தட்டறதுக்கு முன்னாலே உரக்கச் சொல்லணும், மாமா" என்றான். பெரிய விமானங்களின் விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்பிய காலத்தில், கீழே நிற்பவரும் மேலே உட்கார்ந்திருப்பவரும் ஸ்விட்சு அணைந்திருக்கிறதா, போட்டாயிற்றா என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துப் பதில் வாங்கிய பிறகே விசிறியைத் தொடுவார்களாம். வாய்விட்டுச் சொன்னால்தான் மனம் விழித்துக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவம். தவறு செய்த பிறகு வாய்விட்டுச் சொல்வதற்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டியதை, ஓர் இரவு தாமதித்து அல்லவா சொன்னேன்?

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் மருமகனுக்கு இன்று கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிறாள். அவளுக்கும் அதே பித்து. அவளுடைய விமானத்தில் எஞ்சின் இல்லை. மின்சார மோட்டாரும் பாட்டரியும்தான். புகை இல்லை, விளக்கெண்ணெய் வாசனை இல்லை. சத்தம் போடாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. பாட்டரியை இணைத்தபின் கட்டுப்பாட்டுக் கருவியில் தெரியாமல் ஒரு விரல் பட்டால்கூடச் சட்டென்று சுழன்றுவிடும். பழைய எஞ்சினாவது முரண்டு பிடித்து எச்சரித்தது. இது அதுவும் செய்வதில்லை.

போன மாதம் அவளோடு போயிருந்தேன். வெளியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. பாட்டரியை இணைப்பதற்கு முன் அவள் நிமிர்ந்து நின்று, ஒரு பெரிய கூட்டத்தையே விலக்குகிறவளைப் போல, "எல்லாரும் பின்னாலே வாங்க!" என்று குரல் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா, உங்களையும்தான்" என்றாள்.

நான் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றேன்.